40 ஆண்டு கழித்து ஏன்?

மேற்கு ஆஸ்திரேலியாவின் விட்டெனூமில் 1943 முதல் 1966 வரை நீல ஆஸ்பெஸ்டாஸ் வெட்டி எடுத்தார்கள். சுரங்கத்தை மூடிப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அங்கே வேலை செய்தவர்களுக்கு மீசோதீலியோமா வந்துகொண்டே இருந்தது. நுரையீரலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் வரும் புற்றுநோய் அது. தூசி படிந்த உடைகளைத் துவைத்த மனைவிகளையும் அந்த ஊரில் விளையாடிய பிள்ளைகளையும்கூட அது விடவில்லை.

ஏன் இவ்வளவு தாமதம்? ஆஸ்பெஸ்டாஸ் இழை கண்ணுக்குத் தெரியாத ஊசி. மூச்சோடு நுரையீரலின் ஆழத்துக்கு இறங்கும். சில இழைகள் உறையையும் எட்டிவிடும். உள்ளே வந்த அந்நியத் துகளை விழுங்கி அழிப்பது மேக்ரோஃபேஜ் செல்களின் வேலை. நீளமான இழையை முழுதாக விழுங்க முடியாமல் செல் திணறி, தன் ரசாயனங்களை வெளியே கொட்டுகிறது. இழை கரைவதில்லை, அழற்சியும் ஓய்வதில்லை. போதாக்குறைக்கு, நீல வகையிலுள்ள இரும்பு டிஎன்ஏவைச் சிதைக்கும் வினைகளைத் தூண்டுகிறது. இந்தச் சேதம் சேர்ந்து சேர்ந்து புற்றாக மாற, பெரும்பாலும் 20 முதல் 50 ஆண்டுகள் பிடிக்கும்.

இந்தத் தாமதம் நிறுவனங்களுக்குத்தான் சாதகமானது. நோய் தெரியவரும் முன்பே வழக்குத் தொடுக்கும் காலக்கெடு முடிந்துவிட்டது. கொடுமையான அந்தத் தடையை நீக்க 1983-இல் மாநிலச் சட்டம் திருத்தப்பட்டது. சுரங்கத்தை நடத்திய நிறுவனமும் அதன் தாய் நிறுவனமான சிஎஸ்ஆரும் பொறுப்பு என 1988-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தனைக்கும், டாக்டர் எரிக் செயின்ட் விட்டெனூம் தூசியின் ஆபத்தை 1948-லேயே எச்சரித்திருந்தார்!

நோய் உறுதியானபின் பலருக்கு ஓராண்டு ஆயுள்கூட மிஞ்சுவதில்லை. அதனால் இன்னொரு மாநிலமான நியூ சவுத் வேல்ஸ் 1989-இல் தூசி நோய்களுக்கென்றே தனித் தீர்ப்பாயம் அமைத்தது. நோயாளியின் படுக்கையருகே சென்றும் அது சாட்சியம் பெறும்.