ஓசை முந்தி, காட்சி பிந்தி

ஸ்ரீரங்கம் வடக்கு உத்திர வீதியிலிருந்து ஒரு வாசகர், வைகுண்ட ஏகாதசி முடிந்த கையோடு, விசித்திரமான ஒரு சந்தேகத்தை எழுதி அனுப்பியிருக்கிறார். முழங்கால் வலியின் காரணமாகக் கூட்டத்தில் நிற்க இயலாத அவர், பரமபத வாசல் திறக்கும் வைபவத்தை வீட்டுக் கூடத்தில் இருந்தபடியே சேவிக்கலாம் என்று விடியுமுன் எழுந்து உட்கார்ந்திருக்க, அவருடைய பேரன் தன் கைபேசியில் வந்துகொண்டிருந்த நேரலையைக் கம்பி ஏதுமின்றிச் சுவரில் மாட்டியிருந்த தொலைக்காட்சிக்கு மாற்றிக் கொடுத்தானாம். ரத்னாங்கி தரித்த நம்பெருமாள் வாசலை நோக்கி எழுந்தருளும் காட்சி திரையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, திறந்திருந்த ஜன்னல் வழியாக "ரங்கா, ரங்கா" என்ற பெருமுழக்கம் வந்து கூடத்தை நிறைத்துவிட்டது. திரையிலோ கதவு சாத்தியபடியே இருந்தது. கடிகாரத்தைப் பார்த்திருந்தவர் ஏறத்தாழ 30 விநாடி கழித்தே கதவு திறக்கக் கண்டார். "திறந்தாயிற்று என்று காது சொல்கிறது, இல்லை என்று கண் சொல்கிறது. ஒலியைவிட ஒளிக்கு வேகம் அதிகம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது பொய்யா, அல்லது கடையில் வாங்கிய சாதனம் பழுதா?" என்பது அவருடைய கேள்வி.

இக்கேள்வியை நான் பெரிதும் மதிக்கிறேன். ஏனெனில், "கண்ணிமைக்கும் நேரத்தில் உங்கள் கூடத்தில்" என்று விளம்பரம் செய்வோர் எவரும், ஒரு கண்ணையும் ஒரு காதையும் ஒரே சமயத்தில் திறந்து வைத்துக்கொண்டு தங்கள் சரக்கைச் சோதித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒரே நிகழ்ச்சியை ஜன்னல் வழியே ஓசையாகவும் திரை வழியே காட்சியாகவும் ஒருங்கே பெற்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி, எந்தப் பரிசோதனைச் சாலையும் இல்லாமலேயே, கோயிலைச் சூழ்ந்த உத்திர வீதி, சித்திரை வீதிக் குடும்பங்களுக்கு வாய்த்திருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். வாசலுக்கும் வாசகர் வீட்டுக்கும் இடைத்தூரம் 300 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும் ஒலி, ஒரு விநாடி முடிவதற்குள் ஜன்னலை எட்டிவிடுகிறது. காட்சி சுற்றுவழியில் வருகிறது என்பது மெய்தான். ஆனால் சுற்றுவழியின்மேல் பழியைப் போட இயலாது. பூமத்திய ரேகைக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக் கோளுக்கு ஏறி இறங்கினாலும் ஆகும் நேரம் கால் விநாடி. கடலடிக் கண்ணாடி இழை வழியே சிங்கப்பூர் வரை போய்த் திரும்பினாலும் விநாடியில் நூறில் சில பங்கு. கூடத்து ரவுட்டரிலிருந்து 5 மீட்டர் தள்ளியுள்ள தொலைக்காட்சிக்கு வரவோ, ஒரு விநாடியை நூறு கோடிக் கூறுகளாக்கினால் அவற்றில் ஒரு பதினேழு கூறு. பிரயாணம் முழுவதையும் கூட்டினாலும் அரை விநாடி தேறாது. ஆனால் பிந்தியதோ 30 விநாடி. அந்த நேரத்தில் ஓசை 10 கிலோமீட்டர் சென்றுவிடும். கோயிலிலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மலைக்கோட்டை உச்சியில், காவிரிக்கு அப்பால், அபூர்வமான செவிப்புலன் படைத்த ஒருவர் நின்றிருந்தால், அவருக்குக்கூட 12 விநாடியில் அந்த முழக்கம் கேட்டிருக்கும். ஆகவே வேகத்தில் குறைவில்லை; காட்சி வழியில் எங்கேயோ உட்கார்ந்து இளைப்பாறியிருக்கிறது. எங்கே, ஏன் என்பதுதான் விஷயம்.

வீட்டிலிருந்தே தொடங்குவோம். கைபேசிப் படம் தொலைக்காட்சிக்குப் போவதில் இரண்டு வகைகள் உண்டு. இரண்டும் ஒன்றென்றே பலரும் எண்ணியிருக்கிறார்கள். திரையின் மூலையில் மூன்று வளைகோடுகளுடன் தோன்றும் சிறு கட்டத்தைத் தொடும்போது, கைபேசி படத்தை அனுப்புவதே கிடையாது. இன்ன காட்சி இன்ன விலாசத்தில் இருக்கிறது என்ற ஒரு துண்டுச் சீட்டை மட்டும் தொலைக்காட்சியிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள, தொலைக்காட்சி தானே ரவுட்டர் மூலமாக வெளியுலகத்துக்குப் போய்ப் படத்தைத் தருவித்துக்கொள்கிறது. ஐயமுள்ளவர்கள், படம் ஓடத் தொடங்கியபின் கைபேசியின் வைஃபையை அணைத்துப் பார்க்கலாம். பெரும்பாலும் தொலைக்காட்சி அதைப் பொருட்படுத்தாமல் ஓடிக்கொண்டே இருக்கும். மற்றொரு வகை, கைபேசித் திரையில் தோன்றுவதையெல்லாம் அப்படியே கண்ணாடிபோல் தொலைக்காட்சியில் காட்டுவது. இதில் பளு முழுவதையும் கைபேசியே சுமப்பதால், அதை அணைத்தால் இதுவும் இருளும். வாசகரின் பேரன் செய்தது முதல் வகை. கண்ணாடி வகையில் வீட்டுக்குள் கூடுதலாக நேரும் தாமதம் பெரும்பாலும் ஒரு விநாடிக்கும் குறைவேயாகையால், அதைச் செய்திருந்தாலும் கதவு ஏறக்குறைய அதே வேளையில்தான் திறந்திருக்கும்.

அப்படியானால் அந்த 30 விநாடியை விழுங்கியது யார்? இங்கேதான், எனக்கு எத்தனை முறை நினைத்தாலும் இன்பம் தரும் உபாயம் ஒன்று ஒளிந்திருக்கிறது. அதை விளக்கக் கல்யாணப் பந்தியைவிடப் பொருத்தமான உவமை எனக்குக் கிடைக்கவில்லை.

கல்யாண வீட்டில், வந்தவர்களுக்கு வந்த க்ஷணத்திலேயே ஆளுக்கொரு கரண்டி சோறு வாசலிலேயே பரிமாறுவதில்லை. ஒரு பந்திக்குரியது முழுவதும் ஆக்கி இறக்கியான பிறகுதான் இலை போடுகிறார்கள். இணையத்தில் நேரலை வழங்குவோரும், ஓடிக்கொண்டேயிருக்கும் காட்சியைப் பந்தி பந்தியாக நறுக்குகிறார்கள். இவ்வகை முறைகளுள் பெருவழக்கான ஒன்றில், ஒரு துண்டுக்கு 6 விநாடி என்பது சிபாரிசு செய்யப்பட்ட அளவு. அந்த 6 விநாடியும் நடந்து முடிந்து, துண்டு முழுமை பெற்ற பிறகே அதன் பெயர் பட்டியலில் ஏறும். பட்டியலில் ஏறாததைத் தொலைக்காட்சி கேட்க முடியாது. ஆதலால், கதவு திறக்கும் காட்சி ஒரு துண்டின் முதல் விநாடியில் அமைந்துவிட்டால், எஞ்சிய 5 விநாடிகளும் நடந்து முடியும்வரை அது அடுக்களையிலேயே காத்துக்கிடக்க வேண்டியதுதான்.

இலை போட்டபின் நடப்பதும் இப்படியே. தலைவாழை இலையை விரித்து உப்பு முதல் அப்பளம் வரை எல்லாவற்றையும் முழுமையாகப் பரிமாறுவது ஒருமுறைதான். அதன்பிறகு பரிமாறுகிறவர் இலையை நோட்டமிட்டு, எது குறைந்திருக்கிறதோ அதை மட்டும் வைத்துக்கொண்டு போகிறார். காட்சித் துண்டிலும் முதல் படம் முழுப் படமாக இருக்கும்; பின்வருவன பெரும்பாலும், முந்தைய படத்திலிருந்து எந்தக் கட்டம் எவ்வளவு நகர்ந்தது, எங்கே நிறம் மாறியது என்ற குறிப்புகளே. இச்சிக்கனம் எவ்வளவு அவசியம் என்பதற்கு ஒரு கணக்கு: 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரையில் ஒரு படத்துக்கு 20,73,600 புள்ளிகள், புள்ளிக்கு 24 பிட் வீதம், விநாடிக்கு 25 படங்கள் என்றால் சுமார் 124 கோடி பிட். குறிப்புகளாகச் சுருக்கியபின், 50 லட்சம் பிட் அளவிலேயே கண்ணுக்குக் குறை தெரியாத படத்தைக் கொடுத்துவிடலாம். கோபுரமும் மதிலும் நகராமல் நிற்க, குடையும் தீவட்டியும் மட்டும் அசைகின்ற காட்சியானால் இன்னும் லாபம். ஆனால், ஆயிரமாயிரம் கைகள் ஒரே சமயத்தில் உயர்கின்ற அந்தத் தருணத்தில் எல்லாக் கட்டங்களும் மாறிவிடுவதால், பரிமாறுகிறவர் திணறிப்போய்ப் படம் சற்றே குழம்புவதை வாசகர் கவனித்திருக்கக்கூடும்.

இன்னும் இருக்கிறது. ஒரே விருந்தை நான்கைந்து தரங்களில் சமைத்து வைத்திருக்கிறார்கள்: முதல் தரம் கெட்டிச் சாம்பார், கடைசித் தரம் நீர்த்த சாம்பார். எதைக் கேட்பது என்பதைத் தீர்மானிப்பது சமையற்காரர் அன்று, இலைக்கு முன் உட்கார்ந்திருக்கும் தொலைக்காட்சியே. வழியில் நெரிசல் என்று கண்டால் அடுத்த பந்திக்கு நீர்த்ததைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். படம் திடீரென்று மங்கித் தெளிவதன் ரகசியம் இதுவே. அதோடு, பசித்தவேளைக்குப் பரிமாறுகிறவர் வராமற்போனால் என் செய்வது என்ற அச்சத்தால், மூன்று பந்திச் சாப்பாட்டைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே முதல் கவளத்தில் கை வைக்கிறது. பட்டியலின் கடைசியிலிருந்து மூன்று துண்டு தள்ளியே தொடங்க வேண்டும் என்பது அந்த முறையின் விதிநூலிலேயே எழுதியிருக்கிறது. மூவாறு பதினெட்டு விநாடி அங்கேயே கழிந்தது. துண்டு முழுமையடைவது, தரவாரியாகச் சமைப்பது, ஊர் ஊராக உள்ள கிடங்குகளுக்கு அனுப்புவது எல்லாம் சேர, 25-ம் 30-ம் ஆவதில் என்ன அதிசயம்? ஆனால் ஒன்று: பந்தியில் ஒருவர் உண்ட சோற்றை மற்றொருவர் உண்ண முடியாது, ஒரே துண்டையோ லட்சம் வீடுகளில் ஒரே சமயத்தில் உண்ணலாம். உவமை இங்கே கிழிந்துவிடுகிறது. ஆனால் கிழிந்த இடத்திலேயே, இவ்வளவு தாமதத்தைச் சகித்துக்கொண்டு இம்முறையை ஏன் கைக்கொண்டார்கள் என்பதற்கான காரணமும் தெரிகிறது.

வீட்டுக்குள் இருக்கும் வைஃபையும் காத்திருக்கும் ஜாதிதான் என்றாலும், அதன் பொறுமை நுண்ணியது. ஆகாயம் காலியாக இருக்கிறதா என்று முதலில் செவிசாய்த்துக் கேட்டு, 0 முதல் 15 வரை ஓர் எண்ணைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, எண்ணுக்கு ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் 9 பங்கு வீதம் பொறுத்திருந்து பேசுகிறது. இருவர் ஒரே சமயத்தில் பேசி மோதிக்கொண்டால், அடுத்த குலுக்கலில் 31 வரை, பிறகு 63 வரை என்று வீச்சை இரட்டிப்பாக்கிக்கொண்டே போகிறது. சுவரோடு சுவர் ஒட்டிய வீதிகளில், அண்டை வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் அன்று காலை ஒரே கோஷ்டியாக விழித்துக்கொண்டாலும், இதனால் வருவது 30 விநாடித் தாமதமாகாது. மிஞ்சிப்போனால் படம் தடுக்கி நிற்கும். பழைய வீட்டின் கனத்த சுவர்களுக்கு அப்பால் ரவுட்டர் இருந்தால், 12 சென்டிமீட்டர் அளவு அலைநீளம் கொண்ட 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை, அதில் பாதி நீளமுள்ள 5 கிகாஹெர்ட்ஸ் அலையைவிடச் சற்று நன்றாக ஊடுருவும். ஒரே அறையில் இருந்தால் நெரிசல் குறைந்த பின்னதே மேல்.

சரித்திரம் இல்லாமல் கட்டுரை நிறைவு பெறாது என்று கருதுவோருக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படத்தைச் சுருக்கும் கலைக்கு ஆதாரமான கணிதத்தை, பெங்களூரில் பிறந்த நாசிர் அகமது, அவருடைய மாணவர் நடராஜன், கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்ற கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974-இல் வெளியிட்டார்கள். அதற்கு முன், பண உதவி கேட்டு அகமது அமெரிக்காவில் விண்ணப்பித்தபோது, யோசனை மிகவும் எளிதாயிருக்கிறது என்று தள்ளிவிட்டார்களாம். அதன் வழித்தோன்றலான சுருக்கமுறை 2003-இல் தரமாக வகுக்கப்பட்டது. துண்டு துண்டாகப் பரிமாறும் முறையை ஆப்பிள் 2009-இல் வெளியிட்டது. கண்ணாடி வகைக்குரிய மிராகாஸ்ட் 2012-இலும், துண்டுச் சீட்டு வகையைப் பிரபலமாக்கிய குரோம்காஸ்ட் 2013-இலும் வந்தன. பின்னதன் உற்பத்தியைக் கூகிள் 2024-இல் நிறுத்தியும்விட்டது. இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று: 1939 மே 16-ஆம் தேதி திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் தொடங்கிய காலத்தில், நேரடியாக ஒலிபரப்பாகும் கச்சேரியொன்றில், மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்த ரசிகருக்குப் பாட்டு எட்டுமுன்பே, மதுரையில் வானொலிப் பெட்டிக்கு அருகில் இருந்தவருக்கு அது எட்டியிருக்கும். அன்று அலை ஓசையை முந்தியது. இன்று, முன்னேற்றத்தின் பயனாக, ஓசை அலையை முந்துகிறது.

தாமதத்தைச் சில விநாடிகளாகக் குறைக்கும் முறைகள் வந்திருப்பது உண்மை. துண்டை இன்னும் சிறு துண்டுகளாக்கி, பந்தி நிறையுமுன்பே பரிமாறத் தொடங்குவதுதான் அவற்றின் சூட்சுமம். ஆனால் கையிருப்பைக் குறைத்தால், வழியில் சிறு தடங்கல் நேர்ந்தாலும் படம் நின்றுவிடும் என்பதால், பெருங்கூட்டத்துக்கு வழங்குவோர் பலர் துணிந்து அதைக் கைக்கொள்வதில்லை. அவர்கள் விற்பது தடையின்மை. அதற்கு நாம் கொடுக்கும் விலை காலம். விளம்பரத்தில் அச்சாவது மட்டும் "உடனடி". புதிய தொலைக்காட்சியோ, விலையுயர்ந்த ரவுட்டரோ, நான்கு அலைக்கொம்புகள் முளைத்த பெட்டியோ வாங்கினால் இந்தத் தாமதம் தீரும் என்று யாரேனும் சொன்னால், தாமதம் நேர்வது உங்கள் வீட்டிலா, அடுக்களையிலா என்று அவரைக் கேளுங்கள்.

ஆகவே உத்திர வீதி அன்பருக்கு என் பதில்: நீங்கள் படித்தது பொய்யன்று, சாதனமும் பழுதன்று, கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். அன்று உங்கள் காது சொன்னதே மெய்; கண் கண்டது அரை நிமிஷத்துக்கு முந்திய பழைய செய்தி. அடுத்த மார்கழியில் இரண்டும் பிணங்காதிருக்க வேண்டுமானால் ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரையைப் பாருங்கள். ஓசைதான் பெரிதென்று தோன்றினால், தொலைக்காட்சியின் சத்தத்தை அடக்கிவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். இரண்டுக்கும் காசு செலவில்லை.