எச்-3ல் ஒரு பிஷப்: செஸ் இன்ஜின்களுக்கு வைத்த பரீட்சை

1998ல் ஸ்பெயினின் லினாரெஸ் போட்டியில், டோபலோவுக்கு எதிராகக் கறுப்புக் காய்களில் ஆடிய ஷிரோவ் தன் 47ஆவது நகர்த்தலில் பிஷப்பை எச்-3 கட்டத்தில் வைத்தார். எதிராளியின் சிப்பாய் அதைச் சும்மா வெட்டிவிடலாம். ஆனால் வெட்டினால், பிஷப் விட்டுவந்த எஃப்-5 கட்டம் வழியாகக் கறுப்பு ராஜா நடுப்பலகைக்குள் நுழைந்துவிடும். வெள்ளை ராஜா தடுக்க வருவதற்குள் கறுப்புச் சிப்பாய்கள் ஓட ஆரம்பித்துவிடும். ஆறே நகர்த்தலில் டோபலோவ் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். அன்றைய செஸ் இன்ஜின்களுக்கு இந்த நகர்த்தல் புலப்படவில்லை. அதனாலேயே பின்னால் வந்த இன்ஜின்களையெல்லாம் இந்த நிலையில் நிறுத்தி, எது எத்தனை நொடியில் கண்டுபிடிக்கிறது என்று ஒப்பிடுவது வழக்கமாயிற்று. இந்த ஒப்பீடு பயனுள்ளது, ஆனால் நாம் நினைக்கிற காரணத்துக்காக அல்ல. எந்த இன்ஜின் வலிமையானது என்று அது சொல்வதில்லை. எந்த இன்ஜின் எதைப் பார்க்காமல் ஒதுக்குகிறது என்றுதான் சொல்கிறது.

எல்லா நகர்த்தலையும் ஒரே ஆழத்துக்குப் பார்க்க எந்தக் கணினிக்கும் நேரம் போதாது. ஆகவே ஸ்டாக்ஃபிஷ் போன்ற இன்ஜின்கள் மோசமாகத் தெரியும் நகர்த்தல்களை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, மிச்சப்படும் நேரத்தை நல்லதாகத் தெரிபவற்றில் செலவிடுகின்றன. பிஷப்பை இனாமாகக் கொடுப்பது எந்தக் கணக்கிலும் முதலில் மோசமாகத்தான் தெரியும். நரம்பு வலையை நம்பி இயங்கும் லீலா என்ற இன்ஜினின் சிக்கனம் வேறு வகை. அதன் முன்னோடி ஆல்ஃபாஸீரோ நொடிக்குச் சுமார் 60,000 நிலைகளையே பார்த்தது. அது தோற்கடித்த ஸ்டாக்ஃபிஷ் பார்த்ததோ சுமார் 6 கோடி. லீலாவின் நரம்பு வலை 'இது வேலைக்கு ஆகாது' என்று முடிவுகட்டிய நகர்த்தலுக்குத் திரும்பி வருவது அபூர்வம். 1987ல் பிரஸ்ஸல்ஸில் மிகைல் டால் விடுவித்த பிளாஸ்கெட் புதிர் என்ற செஸ் புதிரை அண்மைக் காலத்தில் இரண்டிடமும் கொடுத்தபோது, நூறு கோடிக்கு மேற்பட்ட நிலைகளைத் துழாவி ஸ்டாக்ஃபிஷ் விடை கண்டது; லீலா காணவில்லை. ஆனால் அதே லீலாதான் 2019லும் 2020லும் டிசெக் (TCEC) என்ற இன்ஜின்களுக்கான சாம்பியன்ஷிப்பின் இறுதிப் போட்டிகளில் ஸ்டாக்ஃபிஷை வென்று பட்டம் பெற்றது. நூறு ஆட்டங்கள் கொண்ட இறுதியில் இத்தகைய புதிர் எத்தனை தடவை வரப்போகிறது?

அப்படியானால் பரீட்சையே வீண்தானே என்று கேட்கலாம். வீணில்லை, அது மருத்துவப் பரிசோதனை மாதிரி: ஆளின் பலத்தை அளக்காது, கோளாறைக் காட்டும். 'என் முறையை எதிராளிக்கே விட்டுக்கொடுத்தாலும் என் நிலை நன்றாக இருக்கிறதா' என்று பார்க்கும் ஒரு குறுக்குவழி பல இன்ஜின்களில் உண்டு. எதை நகர்த்தினாலும் கேடு என்ற நிலையில் இந்தக் குறுக்குவழி ஏமாந்துபோகும். அத்தகைய நிலைகளைக் கொடுத்துத்தான் பிழை பிடிக்கிறார்கள். 1982ல் ஆய்வாளர்கள் பிராட்கோவும் கோபெக்கும் இத்தகைய பரீட்சைக்கென உருவாக்கிய 24 நிலைகளில் பாதி தந்திரக் கணக்கு, பாதி சிப்பாய் அமைப்பைப் பற்றிய அறிவு. மொத்த மதிப்பெண்ணைவிட எந்தப் பாதியில் தவறுகிறது என்பதே அங்கே முக்கியம்.

வேகமாகக் கண்டுபிடிப்பதும் ஒரு திறமைதானே என்பது இன்னொரு வாதம். அதுவும் ஓரளவுக்குத்தான். பல செயலிக் கருக்களில் ஓடும் இன்ஜின், அதே நிலையை அதே கணினியில் மறுபடி கொடுத்தால் வேறு நேரம் எடுக்கும். தவறான காரணத்துக்காகச் சரியான நகர்த்தலைத் தேர்ந்து, சற்று நேரத்தில் மனம் மாறிவிடுவதும் உண்டு. ஸ்டாக்ஃபிஷை உருவாக்குபவர்கள் 2013 முதல் ஒவ்வொரு மாற்றத்தையும் ஆயிரக்கணக்கான ஆட்டங்களில் மோதவிட்டே ஏற்கிறார்கள்; புதிர் விடையை நம்பி அல்ல. ஆகவே 'மூன்றே நொடியில் கண்டுபிடித்தது' என்று யாராவது பட்டியல் காட்டினால், அந்த நிலையை உங்கள் கணினியில் நான்கைந்து தடவை ஓட்டிப் பாருங்கள். நகர்த்தலோடு நின்றுவிடாமல், அதற்கு இன்ஜின் தரும் மதிப்பீட்டையும் பாருங்கள்.