ஊராட்சியில் பாதி, சட்டமன்றத்தில் பன்னிரண்டு

தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். உள்ளாட்சிப் பதவிகளில் சரிபாதி பெண்களுக்கு என்று 2016-இல் சட்டமே வந்துவிட்டது. ஆனால் 2021 சட்டமன்றத் தேர்தலில், மொத்தமுள்ள 234 இடங்களில் பெண்கள் ஜெயித்தது 12. தண்ணீர்த் தொட்டியையும் தெருவிளக்கையும் நம்பி ஒப்படைக்கும் ஊர், கோட்டைக்கு மட்டும் ஏன் அவர்களை அனுப்புவதில்லை?

இத்தனைக்கும் இந்த மண் முந்திக்கொண்ட மண். 1921-இல் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது சென்னை மாகாணம். 1927-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மாகாணச் சட்டசபைக்குள் நுழைந்து, அதன் துணைத் தலைவரும் ஆனார்.

கையெழுத்தில் சிக்கும் அதிகாரம்

மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீட்டுடன் 1996-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் மதுரை வில்லாபுரத்தின் மாமன்ற உறுப்பினரானவர் மார்க்சிஸ்ட் கட்சியின் லீலாவதி. நெசவுக் குடும்பத்துப் பெண். குழாயில் குடிநீர் வேண்டும் என்று விடாமல் போராடினார். தண்ணீர் விற்றுச் சம்பாதித்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. 1997 ஏப்ரல் 23 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். பெண் பெயருக்குத்தான் பதவியில் இருப்பாள் என்போர் வில்லாபுரத்துக்காரர்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

பெயரளவுக்குப் பதவி வகிப்பவர்களும் உண்டுதான். 'தலைவரம்மா' வீட்டில் இருக்க, 'தலைவர் வீட்டுக்காரர்' அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஊர்கள் இன்றும் இருக்கின்றன. அதைவிட நுட்பமான முட்டுக்கட்டை காசோலையில் இருக்கிறது. ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது. துணைத் தலைவரும் போட வேண்டும். தலைவர் பதவி தலித் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட ஊரில், செல்வாக்குள்ள சாதிக்காரர் துணைத் தலைவராகிவிட்டால் கதை முடிந்தது. அவர் பேனாவைத் திறக்காதவரை குடிநீர்க் குழாய்க்கும் பணம் வராது.

வெற்றி வாய்ப்பு என்னும் சாக்கு

இதையெல்லாம் தாண்டி நிர்வாகம் பழகிய பெண்களும் மேலே போக முடியவில்லை. சட்டமன்றத்துக்கான ஒதுக்கீடு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. சீட்டு கொடுப்பது கட்சி. யாருக்கு என்று பரிந்துரைப்பவர் மாவட்டச் செயலாளர். அந்த நாற்காலியில் பெண்களைக் காண்பது அபூர்வம். கேட்டால் 'வெற்றி வாய்ப்பு' என்பார்கள். ஆனால் 1991-இல் சட்டமன்றத்தில் பெண் உறுப்பினர்கள் முப்பதைத் தாண்டினார்கள். அலை அடித்த கட்சி பெண்களை நிறுத்தியது, ஜெயித்தார்கள். 2021-இல் நாம் தமிழர் கட்சி 117 பெண்களை நிறுத்தியது, ஒருவரும் ஜெயிக்கவில்லை. அக்கட்சி நிறுத்திய 117 ஆண்களும்தான் தோற்றார்கள். தோற்றது கட்சி.

ஒடிசாவைப் பாருங்கள். 2019 மக்களவைத் தேர்தலில் அப்போதைய முதல்வர் நவீன் பட்நாயக் தன் கட்சி போட்டியிட்ட 21 இடங்களில் 7-ஐப் பெண்களுக்குக் கொடுத்தார். ஐந்து பேர் வென்றார்கள். அவர்களில் ஒருவரான பிரமிளா பிசோய், மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வந்தவர். அப்படிப்பட்ட குழுக்கள் நம்மூரில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. கூட்டத்துக்கு ஆள் திரட்டும்போது எல்லாக் கட்சிக்கும் அவை நினைவுக்கு வரும். வேட்பாளர் தேடும்போது வராது.

நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு தரும் சட்டத்தை 2023-இல் கிட்டத்தட்ட எல்லாக் கட்சிகளும் கைதட்டி நிறைவேற்றின. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் நடைமுறை என்று அதில் முடிச்சும் போட்டார்கள். வேட்பாளர் பட்டியலில் மூன்றில் ஒரு பெயரைப் பெண் பெயராக எழுத எந்தக் கணக்கெடுப்பும் தேவையில்லை. மனம் இருந்தால் அடுத்த பட்டியலிலேயே எழுதலாம்.