மின்னேற்றக் கலப்பினத் தானுந்து மின்கலங்களைத் திரும்பப் பெறுதல்

மின்னேற்றக் கலப்பினத் தானுந்து மின்கலங்களைத் திரும்பப் பெறுதல் என்பது, தீப்பிடிக்கும் அபாயமுள்ள மின்கலத் தொகுதியைக் கொண்ட தானுந்துகளை அவற்றின் உற்பத்தியாளர் வரவழைத்து, இலவசமாகச் சரிசெய்து தரும் நடவடிக்கை ஆகும். பெட்ரோல் பொறி, மின்னோடி ஆகிய இரண்டாலும் இயங்குவதும், வெளி மின்சாரத்தால் மின்னேற்றம் செய்யத்தக்கதுமான தானுந்து மின்னேற்றக் கலப்பினத் தானுந்து அல்லது பிளக்-இன் ஐபிரிட் எனப்படுகிறது.

தீப்பிடிப்பதற்கான காரணம்

இவ்வகைத் தானுந்துகளில் பெரும்பாலும் இலித்தியம் அயனி மின்கலங்கள் பயன்படுகின்றன. ஒவ்வொரு கலத்திலும் இரு மின்வாய்களுக்கிடையே நுண்துளைகள் கொண்ட மெல்லிய பிரிப்புப் படலம் உள்ளது. உற்பத்தியின்போது உலோகத் துகள் உட்புகுந்தாலோ படலம் சேதமுற்றாலோ, கலத்தினுள் குறுக்குச்சுற்று ஏற்படக்கூடும். அதனால் எழும் வெப்பம் வேதிவினைகளைத் தூண்டுகிறது. அவ்வினைகள் மேலும் வெப்பத்தை வெளிவிடுவதால் அடுத்தடுத்த கலங்களுக்கும் தீ பரவுகிறது. இந்நிகழ்வு வெப்பக் கட்டுமீறல் எனப்படும்.

இது நிகழத் தானுந்து ஓடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வீட்டின் கொட்டகையில் நிறுத்தப்பட்டிருக்கும்போதும் தீப்பற்றலாம் என்பதே இக்குறைபாட்டின் தனி அபாயமாகும்.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

• 2013: யப்பானில் மிட்சுபிசி அவுட்லாண்டர் தானுந்து ஒன்றின் மின்கலம் அதிவெப்பமடைந்து உருகியது. மின்கலத் தொழிற்சாலையின் சோதனைக் கட்டத்தில் கலங்கள் அளவுக்கு மீறிய அதிர்வுக்கு உள்ளானது காரணமாகக் கூறப்பட்டது. உற்பத்தி சில மாதங்கள் நிறுத்தப்பட்டது.

• 2020: ஐரோப்பாவில் ஏறத்தாழ 20,500 போர்டு கூகா தானுந்துகள் திரும்பப் பெறப்பட்டன. மின்னேற்றம் செய்ய வேண்டாம் என உரிமையாளர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். அதே ஆண்டில் பி.எம்.டபிள்யூ நிறுவனம், கலங்களில் துகள் கலந்திருக்கலாம் என்ற காரணத்தால், உலகெங்கும் சுமார் 26,700 தானுந்துகளைத் திரும்பப் பெற்றது.

• 2022: 12 தீ விபத்துகளையடுத்து ஐக்கிய அமெரிக்காவில் 16,741 கிரைசிலர் பசிபிக்கா தானுந்துகள் திரும்பப் பெறப்பட்டன. அவை அனைத்தும் இயக்கம் நிறுத்தப்பட்ட நிலையிலேயே தீப்பற்றியிருந்தன.

• 2023–2025: ஐக்கிய அமெரிக்காவில் சீப்பு நிறுவனத்தின் கலப்பினத் தானுந்துகள் மூன்று முறை திரும்பப் பெறப்பட்டன. 2023 இல் 32,125 ஆக இருந்த எண்ணிக்கை 2025 இல் 3,20,065 ஆக உயர்ந்தது.

தீர்வுகள்

திரும்பப் பெறுதலில் இரு வகையான தீர்வுகள் வழங்கப்படுகின்றன. மின்கலத் தொகுதியை முழுமையாக மாற்றுவது ஒன்று. கலங்களின் மின்னழுத்தம் முதலியவற்றைக் கண்காணித்து, குறையுள்ளவற்றை இனங்காணும் மென்பொருளை நிறுவி, குறை தெரிந்தால் மட்டும் மின்கலத்தை மாற்றுவது மற்றொன்று. இரண்டாவது முறைக்குச் செலவும் காலமும் குறைவு. ஆயினும் எல்லாக் குறைகளையும் மென்பொருளால் முன்கூட்டியே அறிய இயலுவதில்லை. மென்பொருள் நிறுவப்பட்ட சீப்பு தானுந்துகள் சிலவும் தீப்பற்றியதால், முன்பு சரிசெய்யப்பட்டவையும் 2025 ஆம் ஆண்டு அறிவிப்பில் சேர்க்கப்பட்டன. எனவே ஒருமுறை சரிசெய்யப்பட்ட தானுந்துக்குப் புதிய அறிவிப்பு வராது எனக் கொள்ள இயலாது.

உரிமையாளருக்கான அறிவுறுத்தல்கள்

தீர்வு கிடைக்கும் வரை மின்னேற்றம் செய்யாதிருக்குமாறும், கட்டடங்களுக்கும் பிற ஊர்திகளுக்கும் அப்பால் திறந்தவெளியில் நிறுத்துமாறும் அறிவுறுத்துவது வழக்கம். கலத்தில் மின்னேற்றம் குறையும்போது தீ அபாயமும் குறைகிறது. ஆனால் முற்றிலும் நீங்குவதில்லை. பெட்ரோல் பொறி இருப்பதால் இக்காலத்தில் தானுந்தை ஓட்ட இயலும். எனினும் மின்சாரத்தால் கிட்டும் எரிபொருள் சேமிப்பு பெருமளவு இழக்கப்படுகிறது.

ஐக்கிய அமெரிக்காவில் 17 குறியீடுகள் கொண்ட ஊர்தி அடையாள எண்ணைத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகத்தின் இணையதளத்தில் இட்டு, நிலுவையிலுள்ள அறிவிப்புகளை எவரும் அறியலாம். பழைய தானுந்து வாங்குவோருக்கு இது பெரிதும் பயன்படும்.