யூட்டாவின் பேருப்பேரி

ஏரியென்ற மாத்திரத்தே தண்ணீர்த்துறையும் வயலும் நம் நினைவிற்கு வருவன. ஆயின், வட அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றாகிய யூட்டாவில், கடல்மட்டத்திற்குச் சுமார் 4,200 அடி உயரத்தே, எவரும் அருந்தலாகாத உவர்நீர் நிரம்பிய பேரேரி யொன்று உளது. அதன் இயல்பையும், அதன் கரையில் மக்கள் நாடிய இன்பத்தையும், இந்நாளில் அதற்கு நேர்ந்துள்ள இடரையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பண்டைக்காலத்தே ஆங்குப் பரந்திருந்த பானவில் என்னும் மாபெரும் ஏரியின் எச்சமே இது. பேர், வீபர், யோர்தான் என்னும் மூன்று ஆறுகள் இதனுட் புகுகின்றன. புகுந்த நீர் வெளியேறுதற்கு ஆறுமில்லை, கலிங்குமில்லை. வெயிலால் ஆவியாய்ப் போதலே அதற்குரிய ஒரே வழி. ஆவி உப்பை உடன்கொண்டு செல்லாதாகலின், ஆறுகள் சிறுகச் சிறுகக் கொணர்ந்த உப்பு முழுவதும் ஏரியிலேயே தங்கிற்று. 1959ஆம் ஆண்டில் இருப்புப்பாதைக்கென இட்ட கல்லணை ஏரியை இரு கூறாக்கியது. ஆறுகள் நேரே சென்று சேராத வடகூறு கடலினும் ஏறத்தாழ ஏழு மடங்கு உவர்ப்புடையதாய், உப்பில் வாழும் நுண்ணுயிர்களாற் செந்நிறம் பெற்று விளங்குகின்றது.

இத்தகைய நீரில் உடல் எளிதில் மிதக்கும். மல்லாந்து கிடந்தால் கைகால் அசையாமலே மிதக்கலாம். இப்புதுமையை நுகர விரும்பினோர்க்கென 1893இல், நீரின்மேல் நாட்டிய மரத்தூண்கள்மீது சால்ட்டேர் என்னும் உல்லாச மாளிகை எழுந்தது. சால்ட் லேக் நகரத்தினின்று புகைவண்டியேறி வந்தோர் பகலிற் குளித்து இரவில் நடனமாடினர். 1925இல் அதனைத் தீ அழித்தது. மீண்டும் கட்டினர், 1933 அளவில் நீர் அரைமைல் பின்வாங்கிற்று. 1981இல் வேறோர் மண்டபம் அமைத்தனர். சில ஆண்டுகளுள் வெள்ளம் அதனுட் புகுந்தது.

இவ்வாறு நிகழ்வதற்குக் காரணம் யாது? நடுத்தர நிலையில் ஏரியின் பரப்பு சுமார் 1,700 சதுரமைல். ஆழமோ மிக்க இடத்தும் 33 அடியளவே. தட்டில் ஊற்றிய நீர்போல் அது பரந்து கிடத்தலின், மட்டம் ஓரடி தாழினும் கரை நெடுந்தூரம் விலகும். ஓரடி உயரினும் நெடுந்தூரம் நிலத்தை விழுங்கும்.

1986இல் நீர்மட்டம் 4,211 அடிக்கு மேல் உயர்ந்திருந்தது. 2022 நவம்பரில் 4,188 அடியளவிற்குத் தாழ்ந்தது. அவ்வாண்டில் பாய்மரப் படகுகளைத் துறையினின்று தூக்கிக் கரையேற்ற நேர்ந்தது. 2023இல் மிக்க பனிப்பொழிவால் மட்டம் சற்று உயர்ந்ததாயினும், அச்சம் நீங்கிற்றில்லை. மழை குறைவு மட்டுமே இதற்குக் காரணமன்று. வயல்கட்கும் நகரங்கட்கும் ஆற்றுநீரைத் திருப்பியதனால் மட்டம் சுமார் 11 அடி குறைந்துள்ளதென 2017இல் ஆராய்ச்சியாளர் கணித்தனர்.

நீர் சுருங்கினால் நீராடுவோர்க்கும் படகோட்டுவோர்க்கும் மட்டுமே இழப்பன்று. உவர்ப்பு மிஞ்சின் அந்நீரில் வாழும் சிறு கூனிகள் மடியும். அவற்றை உண்ண வரும் எண்ணிறந்த முக்குளிப்பான்கள் இரையின்றித் தவிக்கும். வறண்ட அடிநிலத்தின் புழுதியிலோ நச்சுப்பொருளாகிய ஆர்சனிக் கலந்துளது. காற்று வீசுங்கால் அது கரையோர ஊர்களை எட்டும்.

ஏரிக்கும் வரவு செலவு உண்டு. செலவு வெயிலின் வசத்தது; அதனைத் தடுப்பார் எவருமிலர். வரவு மட்டுமே மக்கள் கையில் உளது. ஆற்றுநீரில் ஏரிக்குரிய பங்கை விட்டுவைப்பரேல், நாளைய இளைஞரும் அந்நீரில் மல்லாந்து மிதப்பர்.