கொழுந்துக்கு ஊரடங்கு இல்லை

விதுரையைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை போனக்காட்டில் முடிகிறது. அகத்தியர் மலைக்குச் செல்பவர்கள் இங்கிருந்துதான் நடக்கத் தொடங்குகிறார்கள். வேறு சிலர் பாழடைந்த பங்களா ஒன்றையும் அதைப் பற்றிய பேய்க்கதையையும் தேடி வருகிறார்கள். ஆனால் இங்குள்ள தேயிலைத் தோட்டத்தின் கதை பேய்க்கதையை விடக் கலக்கம் தருவது. 2020ல் கொரோனா வந்தபோது தோட்டம் ஏற்கெனவே முடங்கிக் கிடந்தது. தலைமுறைகளாகக் கொழுந்து பறித்த குடும்பங்கள், அவர்களில் பலர் தமிழர்கள், சம்பள பாக்கியோடு ஒழுகும் லயங்களில் காலம் தள்ளிக்கொண்டிருந்தனர்.

அதே திருவனந்தபுரம் மாவட்டத்தில், 1990ல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க்கில் நிலைமை நேர் எதிர். மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியதும் கம்ப்யூட்டர் நிறுவனங்கள் வேலையை ஊழியர்களின் வீட்டுக்கே அனுப்பின. பேரிடரில் எந்த வேலை நிற்கக்கூடாது, பொறுப்பாளர் படுத்துவிட்டால் மாற்று யார் என்றெல்லாம் முன்கூட்டியே திட்டமிட ஐ.எஸ்.ஓ. 22301 என்ற சர்வதேசத் தரநிர்ணயமே இருக்கிறது.

தேயிலைச் செடியை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. ஒரு வாரம், பத்து நாளுக்கு ஒரு முறை பறிக்காவிட்டால் கொழுந்து முற்றிவிடும். பறித்ததை உடனே தொழிற்சாலையில் வாட்டியாக வேண்டும். அந்த வசந்தத்தில் டார்ஜிலிங் தோட்டங்கள் விலை உயர்ந்த முதல் பறிப்பில் பெரும்பகுதியை இழந்தன. ஏப்ரல் 15 அன்று மத்திய அரசு வெளியிட்ட விதிகள், 20ஆம் தேதி முதல் அதிகபட்சம் 50 சதவீதத் தொழிலாளர்களோடு தோட்டங்கள் இயங்க அனுமதித்தன.

ஆளுக்கொரு நிரையாகப் பிரிந்து பறிக்கும்போது இடைவெளி காப்பது எளிது. சிக்கல், இலை எடை போடும் இடத்திலும் தொழிற்சாலையிலும்தான். அதைவிடப் பெரிய சிக்கல் லயம். ஒரே சுவரைப் பகிரும் வரிசை வீடுகளில், ஓர் அறையில் ஒரு குடும்பமே படுக்கும் இடத்தில், காய்ச்சல்காரரை எங்கே தனியே வைப்பது? ஆகவே தோட்டத்தின் பேரிடர்த் திட்டம் அலுவலகத்தில் தொடங்குவதில்லை. குழாயடியில், மருந்தகத்தில், காலியாக வைத்திருக்கும் நாலு அறையில் தொடங்குகிறது.

இதில் புதிதாக ஏதுமில்லை. வீடு, குடிநீர், கழிப்பிடம், மருத்துவம், பிள்ளைக் காப்பகம் எல்லாம் நிர்வாகத்தின் கடமை என்று 1951ன் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. அதை ஒழுங்காகச் செய்த தோட்டத்துக்குக் கொள்ளைநோய்க்கான தயாரிப்பு பாதி முடிந்த மாதிரி.

மீதிப் பாதி, கூலி. வேலை நின்ற நாட்களுக்கும் முழுச் சம்பளம் தரும்படி 2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை உத்தரவிட்டது. முதலாளிகள் நீதிமன்றம் போனார்கள்; மே மாதமே உத்தரவு காலாவதியானது. இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஜூன் 12ல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. சம்பளமே நின்றுபோன தோட்டத்தில் யாரோடு பேசுவது? அங்கே அடுப்பெரியத் துணை நின்றது, கேரள அரசு எல்லா ரேஷன் அட்டைகளுக்கும் வழங்கிய இலவச மளிகைத் தொகுப்பு.

கொள்ளைநோய்க் காலத்தில் ஒரு நிறுவனம் தாக்குப்பிடிக்குமா என்பது நோய் வந்த பிறகு தீர்மானமாவதில்லை. அதற்கு முந்தைய வருடங்களில் கூரை வேயப்பட்டதா, கூலி பாக்கியில்லாமல் கொடுக்கப்பட்டதா என்பதில் இருக்கிறது. கவாத்து செய்யாமல் விட்ட தேயிலை மரமாக வளர்ந்துவிடும். பிறகு கொழுந்து கைக்கு எட்டாது. தோட்டத் தொழிலாளிக்கு இது யாரும் சொல்லித் தர வேண்டிய பாடமில்லை.