பிறந்த குழந்தைக்கு எந்த நிறம் முதலில் தெரியும்?

இரவில் காசிமேட்டிலிருந்து கிளம்பும் விசைப்படகில் இடப்பக்கம் சிவப்பு விளக்கும் வலப்பக்கம் பச்சை விளக்கும் எரிய வேண்டும் என்பது கடல் விதி. எதிரே வரும் படகு எந்தப் பக்கம் போகிறது என்பதை அந்த இரண்டு நிறங்களை வைத்துத்தான் கணிக்கிறார்கள். ராயபுரம் தண்டவாளத்தில் ரயில் ஓட்டுநர் நம்பியிருப்பதும் அதே சிவப்பு, பச்சையைத்தான். துறைமுகமும் ரயிலும் சோறுபோடும் வடசென்னையில் நிறம் பிரித்தறியும் கண் ஒரு பிழைப்புத் தகுதி. அந்தத் திறன் பிறக்கும்போதே முழுசாக வந்துவிடுவதில்லை. முதல் நான்கைந்து மாதங்களில் படிப்படியாக உருவாகிறது.

முதல் மாதம்

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரும் பச்சைக்குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெரியும். பால் குடிக்கும்போது அம்மாவின் முகம் இருக்கும் தூரம் அது. அங்கேயும் குழந்தையின் பார்வை கறுப்பும் வெளுப்பும் சேரும் இடங்களுக்கே போகும்: நெற்றியும் முடியும் சந்திக்கும் கோடு, புருவம், கண். நிறங்களில், பெரிதாகவும் அடர்த்தியாகவும் இருக்கும் சிவப்பைப் பல குழந்தைகள் கவனிக்கும். வெளிர் நிறங்கள் பெரும்பாலும் எடுபடாது.

காரணம் விழித்திரையில் இருக்கிறது. நிறம் காண உதவுபவை மூன்று வகைக் கூம்பு செல்கள். பிறக்கும்போதே அவை இருந்தாலும், குட்டையாக, நெருக்கமின்றி, ஒளியைக் குறைவாகவே பிடிக்கும் நிலையில் இருக்கின்றன. மூளையில் பார்வைக்கான இணைப்புகளும் அப்போதுதான் வலுப்பெறத் தொடங்குகின்றன.

இரண்டாவது மாதம் தொடங்கி

இரண்டு மாத அளவில் சிவப்பும் பச்சையும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கும். நீலம், மஞ்சள் வேறுபாடு அதற்குப் பின்னால், மூன்று நான்கு மாதத்தில் வரும். அதன்பின் எல்லா முக்கிய நிறங்களையும் குழந்தை பிரித்துப் பார்க்கும். நிறத்தின் பெயர் சொல்வது வேறு விஷயம். அதற்கு இரண்டு, மூன்று வயதாவது ஆக வேண்டும்.

பேசத் தெரியாத குழந்தையிடம் இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? வெறும் பரப்பைவிட, ஏதாவது தெரிகிற பக்கமே குழந்தை திரும்பும். இதைப் பயன்படுத்தி அமெரிக்க ஆய்வாளர் டேவிடா டெல்லரும் உடன் பணியாற்றிய பீப்பிள்ஸும் வெள்ளைத் திரையின் ஒரு பக்கம் சிவப்புப் பட்டையைக் காட்டினார்கள். சிவப்பின் பிரகாசத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். எந்தப் பிரகாசத்திலும் குழந்தை அந்தப் பக்கமே திரும்பினால், நிறத்தைத்தான் காண்கிறது என்று பொருள். இரண்டு மாதக் குழந்தைகளுக்கு அது முடிகிறது என்பதை 1975-ல் வெளியிட்டார்கள்.

மங்கலில் தொடங்குவதும் நல்லதே

அப்படியானால் முதல் மாதங்களின் மங்கல் ஒரு குறையா? இல்லை என்கிறது இந்தியாவில் கிடைத்த ஒரு சான்று. பிறவிக் கண்புரையோடு வளர்ந்த ஏழைக் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து பார்வை தரும் திட்டம் 'பிரகாஷ்'. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் பவன் சின்ஹா தொடங்கியது. பல வயது கடந்து பார்வை பெற்ற இவர்கள், வண்ணப் படத்தில் பொருள்களை நன்றாக அடையாளம் கண்டார்கள். அதே படத்திலிருந்து நிறத்தை எடுத்ததும் தடுமாறினார்கள். 2024-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு இது. கண் திறந்ததுமே இவர்களுக்கு நிறம் நன்றாகத் தெரிந்துவிட்டது. அதனால் மூளை நிறத்தையே அதிகம் சார்ந்துவிட்டது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சாதாரணக் குழந்தையோ நிறம் சரியாகத் தெரியாத நாட்களில் உருவத்தையும் வெளிச்ச வேறுபாட்டையும் கற்றுக்கொள்கிறது. நிறம் அதன்மேல் வந்து சேர்கிறது.

ஆகவே, 'சீக்கிரம் நிறம் தெரியட்டும்' என்று தூளியைச் சுற்றி விலையுயர்ந்த பொம்மைகளை வாங்கித் தொங்கவிடத் தேவையில்லை. முகத்தைக் காட்டிப் பேசினாலே போதும். கண்ணுக்குள் மை தீட்டுவது வேண்டாம். சில மைகளில் ஈயம் கலந்திருப்பது பரிசோதனைகளில் தெரியவந்திருக்கிறது.

எப்போது கவலைப்பட வேண்டும்?

கண்மணி வெள்ளையாகத் தெரிவது, மூன்று மாதமாகியும் முகத்தைப் பின்தொடராதது, கண் ஓயாமல் ஆடுவது ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். குறைமாதத்திலோ இரண்டு கிலோவுக்கும் குறைந்த எடையிலோ பிறந்த குழந்தைக்கு, வெளியே எதுவும் தெரியாவிட்டாலும் 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை அவசியம். பிறவிக் கண்புரையை முதல் சில வாரங்களிலேயே கண்டுபிடிப்பது நல்லது. இயற்கையான மங்கல் தானே விலகும், நோயால் வரும் மங்கல் காத்திருக்காது.

இதற்காகத் தனியாக அலைய வேண்டியதில்லை. திருவொற்றியூரோ எண்ணூரோ, 6, 10, 14-வது வாரங்களில் தடுப்பூசிக்கு எப்படியும் குழந்தையைச் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போகிறோம். நிறப்பார்வை உருவாகும் வாரங்களும் ஏறத்தாழ அவையே. ஊசி போட்டதும் கிளம்பிவிடாமல், "கண்ணையும் பாருங்கள்" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.